சொத்து எண் நான்கு

இரண்டு லைட்டு, ஒரு வேன், ஒரு புகை மெஷின்.
காசிமேட்டில் புகை எதற்கு என்று
ஐஸ் உடைக்கிறவர்கள் சிரித்தார்கள்.
"கொலைன்னா புகை வேணும்க்கா" என்றான் உதவி இயக்குநர்.
இருபத்திரண்டு வயது இருக்கும்.
தேசப்பன் செத்தபோது பிறந்தே இருக்கமாட்டான்.

தம்பியாக நடித்தவனுக்கு மீசை ஒட்டியிருந்தார்கள்.
கடற்காற்றில் ஒரு பக்கம் எழும்பிக்கொண்டே இருந்தது.
குத்துப்பட்டு விழுந்த பிறகு
ஒரு விரலால் அதை அழுத்திவிட்டுக்கொண்டான்.
மறுபடி சாகச் சொன்னார்கள்.
நான்கு முறை செத்தான்.
நடுவில் டீ.

"அன்னிக்கு ராத்திரி உங்க மனசுல என்ன ஓடுச்சு?"
மைக் பிடித்த பெண் கேட்டாள்.
அன்று ராத்திரி கரண்ட் இல்லை. கொசு.
அவனுக்கு எடுத்துவைத்த நெத்திலிக் குழம்பைப்
பூனை உருட்டியது.
அவன்தான் என்று நினைத்து
இருட்டைப் பார்த்துத் திட்டினேன்.
சொன்னேன்.
வெட்டிவிட்டார்கள்.

வியாழன் இரவு ஒன்பதரைக்கு
எங்கள் தெரு மொத்தமும் டிவிக்குள் இருந்தது.
ஏலக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டுத் தரையை
'மர்மக் கடற்கரை' என்றது ஒரு கனத்த குரல்.
கத்தி பளபளத்தது. எங்கே கத்தி?
ஐஸ் பாரை இழுக்கிற கொக்கி அது.
கடைசியில் நீல வார் செருப்பு ஒன்று
தனியாகக் கிடந்தது.
அதற்கு வயலின் வாசித்தார்கள்.
பிறகு மூட்டுவலித் தைலம், விளம்பரம்.

நான் ஜெராக்ஸ் கடைக்காரி.
ஜார்ஜ் டவுன் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் பதினெட்டு வருஷம்.
ஊர் வழக்கெல்லாம் என் கண்ணாடிமேல்
குப்புறப் படுத்து எழுந்து போயிருக்கிறது.
தேசப்பன் கட்டும் ஒருநாள் வந்தது.
நாற்பத்து மூன்று பக்கம்.
வக்கீலுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

'சொத்து எண் 4: ரப்பர் செருப்பு ஒன்று, இடது கால்.'
நிறம் எழுதவில்லை.
எழுதிய ஏட்டு போய்ச் சேர்ந்துவிட்டார்.
செருப்பும், வெள்ளம் வந்த வருஷம்,
கோர்ட்டின் கீழறையோடு போயிற்று.

வலது கால் என் பீரோவில்.
போலீஸ் வருமுன்னே
வலைக்குவியலில் கிடந்ததை எடுத்து
முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
புதுசு. அன்று சாயங்காலம்தான்
கல்மண்டபத்தில் வாங்கினான்.
அடியில் விலைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது,
அவன் ஒரு தெரு தாண்டி அதிகம் நடக்கவில்லை.

புது இன்ஸ்பெக்டர் போன் செய்தார்.
"கேஸை மறுபடி எடுக்கிறோம்மா.
புதுசா எதாவது ஞாபகம் வந்தா சொல்லுங்க."
ஞாபகம் எப்படி சார் புதுசாக வரும்?

சனிக்கிழமை, ஷட்டரைப் பாதி இறக்கியபோது
குனிந்து உள்ளே வந்தான் கஜபதி.
இருபத்தாறு வருஷமாகத் தெரு
மெல்லுகிற பெயர், துப்பாத பெயர்.
தலை முழுக்க வெள்ளை.
பேரப்பிள்ளையின் ஸ்கூலுக்காம், ஆதார்,
முன்னும் பின்னும் ஒரு காப்பி.

"பாத்தேன் தேசராணி. நல்லாத்தான் எடுத்துக்கிறானுங்க.
செருப்பைத்தான் நீலமா காட்டிட்டானுங்க.
பச்சை இல்ல அது?"

காலையில் பிணத்தைச் சுற்றி நின்ற கூட்டத்தில்
இருந்தவன் யாருக்கும் தெரிந்திருக்கும்.
ஆனால் பதினோராம் பக்கம்:
கொலைக்கு முன்தினம் தொட்டு மூன்று நாள்
கஜபதி திருப்பதியில்.
சத்திரத்து ரசீது இணைப்பு.
நானே எடுத்த காப்பி, ரசீதின் மடிப்புக்கூடத் தெளிவாக விழுந்திருக்கும்.

"ஞாபகமில்லண்ணா" என்றேன்.
மூடியை இறக்கினேன்.
அடியில் பச்சை வெளிச்சம்
ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயிற்று,
அவன் முகத்தை, எண்ணை, விலாசத்தைத் தடவியபடி.

"நாலு ரூபா."
எண்ணிக் கொடுத்தான்.
குனிந்து, ஷட்டருக்கு வெளியே போனான்.

ஒன்றுக்குத்தான் காசு.
இரண்டு எடுத்திருந்தேன்.