பறுவத்து நொடிகள்

பறுவம் வந்தால் எங்களுக்கு லீவு.
மேலே அந்தப் பெரிய பல்ப் எரிகையில்
எங்கள் வள்ளத்து லைட்டைக் கணவாய் மதிக்காது.
டச்பே மணலில் நாலு பேர், ஒரு பிளாஸ்க்.
தோற்றவன் அடுத்த பிளாஸ்க்குக்குக் காசு.

தொடங்கினான் பெனடிற்:
"ஊதி அணைக்கேலாது, எண்ணெய் கேளாது,
முழுசாய் எரிஞ்சால் சாராயக்கடை பூட்டும்.
என்ன விளக்கு?"
சொல்லத் தேவையில்லை.
பிளாஸ்க்கில் வெறும் தேத்தண்ணி இருந்ததும்
அதனால்தான்.

"ஒருத்தன் கண்டால் சந்தேகம்,
ஊரே கண்டால் பெருநாள்,
ஒருத்தரும் காணாட்டி?"
இது ஜௌபர், மூதூர்.
"இன்னுமொரு நோன்பு" என்றேன்.
"நோன்பே பிடிக்காத நீ எப்பிடியடா கண்டுபிடிச்சாய்?"
முப்பது நாளும் உன் வீட்டுக் கஞ்சி குடிக்கிறவனுக்கு
இந்தக் கணக்குத் தெரியாதா?

நிலாவைக் கரையில் கட்டிவைக்க
எத்தனை முழக் கயிறு வேணும், இது என்னுடையது.
பெனடிற் கோடி என்றான்.
ஜௌபர், கயிறு அறும், சங்கிலி போடு என்றான்.
ஒரு முழம் போதும்.
வாளியில் தண்ணி அள்ளி வை,
வாளியைக் கட்டு.
"கள்ளம்!" என்றார்கள் இருவரும்.
கள்ளம்தான்.

கோட்டைப் பக்கமிருந்து மான்கள் வந்தன
குப்பை கிளற.
"மேலே ஒரு முயல், கீழே மூண்டு மான்,
மொத்தம் எத்தனை கால்?"
"பதினாறு."
"பன்னிரண்டு. மேலே கிடக்கிறது முயலில்லை, பள்ளம்."
சண்டை முற்றிய நேரம் பார்த்து
ஒரு மான் எங்கள் பிஸ்கட்டைப்
பைக்கற்றோடு தின்று முடித்தது.

அதுவரை யோகமலர் வாயே திறக்கவில்லை.
எங்கள் கணவாயை நிறுத்து வாங்குகிறவள்,
நிலா வெளிச்சத்தில்
கடன் கொப்பி கூட்டிக்கொண்டிருந்தாள்.
தலை நிமிராமல் கேட்டாள்:

"நிலவில்லாத ராவில
கடலுக்கு மேலே லைட் தொங்கவிடுறியளே,
கீழேயிருந்து பார்க்கிற கணவாய்
அதை என்னெண்டு நினைச்சு வருகுது?"

மூவரும் ஒன்றாய் வாய் திறந்து
ஒன்றாய் மூடினோம்.
இத்தனை வருசமும்
ஒவ்வொரு இருட்டிலும்
நாங்கள் போட்டதும் ஒரு நொடிதானா?
பிழையாய்ப் பதில் சொன்னதெல்லாம்
விடியற்காலையில் அவள் தராசில்.

"சரி," என்று கொப்பியை மூடினாள்,
"பிளாஸ்க்கை மூண்டு பேர் பேரிலும் எழுதிட்டன்."

குடா முழுக்க வெளிச்சம்.
அடியில் எங்கேயோ
இன்றைக்கு ஏமாறாத கணவாய்கள்.
பெனடிற் இன்னும் விரல் விட்டு
மான் கால் எண்ணுகிறான்.