தீர்மானம் எண் நாற்பத்தொன்று

மூன்றரை மணி. லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் அடியில்
கடைசிக் குப்பை லாரியும் போனபின்
பாய் விரித்து நோட்டைத் திறந்தேன்.
வந்திருந்தவர் பத்துப் பேர்.
கூட்டம் செல்லுபடியாகப் பதினோரு பேர் வேண்டும்.
விதி ஒன்பது. என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

பதினோராவதாய் ஒருத்தி தூணோரம் குந்தியிருந்தாள்.
மொமேனா.
அவளைச் சேர்ப்பதா என்பதே இன்றைய பொருள்.
சேர்த்தால்தான் அவள் தலையை எண்ணலாம்,
எண்ணினால்தான் சேர்க்கலாம்.

"பாதி விலைக்குப் பாட்டில் போடுறாளுங்க.
நம்ம கிலோவுக்குக் குழி வெட்டுறாளுங்க"
என்றாள் தாட்சாயணி.
பொய்யில்லை.
இருபது ரூபாய் பதினொன்றாகி இரண்டு மாதமாயிற்று.
ஓபுளம்மா தெலுங்கில் தொடங்கிக்
கன்னடத்தில் முடித்தாள்:
தனியாய் நிற்கிறவளுக்குத்தானே பாதி விலை.

வங்காளம் எங்களில் ஒருத்திக்கும் தெரியாது.
எங்கள் பேச்சு எதுவும் அவளுக்குப் பிடிபடாது.
யார் வாய் திறந்தாலும்
அந்த முகத்தையே பார்த்தாள்.

விதி பத்து:
அரைமணி பொறுத்து அதே இடத்தில் கூடினால்
இருப்பவர்களே போதும்.
பயிற்சி வகுப்பில் கண்ணாடி போட்ட பெண் சொல்லித் தந்தது.
அன்றைக்கு நான் கொட்டாவி விட்டேன்.

அரைமணி நேரம்.
தலைக்கு மேலே பஸ் போகும்போதெல்லாம்
தூண் லேசாய் உறுமியது.
சும்மா இருக்கமாட்டாத தாட்சாயணி
மூடிகளை நிறம்நிறமாய்ப் பிரித்துக்கொண்டிருந்தாள்.
தூணோரமிருந்து ஒரு கை நீண்டு
நீலத்தை மட்டும் அவள் பக்கம் ஒதுக்கியது.

எனக்கோ தொண்ணூற்றொன்று டிசம்பர்.
அப்பா ஏணி போட்டு ஏறித்
தன் இஸ்திரிக் கடைப் பலகையின் தமிழைத்
தானே தார் பூசி மூடிய இரவு.
கீழே டப்பாவைப் பிடித்து நின்றவள் நான். வயது ஒன்பது.
எந்த ஊர் என்று யார் கேட்டாலும்
இதே ஊர்தான் என்று
கன்னடத்தில் சொல்லப் பழக்கினார்கள்.
சொன்னேன்.
அதுவும் பொய்யில்லை.

கூட்டத்தில் இதை நான் பேசவில்லை.
செயலாளர் வேலை எழுதுவது.

நாலு மணி, ஐந்து நிமிடம். கை தூக்கச் சொன்னோம்.
ஆதரவு எட்டு. எதிர்ப்பு இரண்டு.
எதிர்ப்பைப் பேர் போட்டே எழுது என்றாள் தாட்சாயணி.
எழுதினேன்.
படித்துக்காட்டு என்றாள்.
காட்டினேன்.
கட்டைவிரலை அழுத்திப் பதித்துவிட்டு
மைப்பெட்டியை மொமேனா பக்கம் தள்ளினாள்.
கோபத்திலா வேறெதிலா,
எனக்குத் தெரியவில்லை. நோட்டில் அதற்கு இடமும் இல்லை.

சந்தா பத்து ரூபாய், ஐந்து நாணயங்களாய்.
ரசீது எண் நூற்றுப் பதினெட்டு.
பெயரை எழுதினேன்.
முகவரிக் கட்டத்தில் பேனா நின்றுபோனது.
ஏரியோரக் குடிசைகளைப்
போன புதன்தான் இயந்திரம் தட்டிப்போட்டது.

ரசீதின் தலையில் அச்சாகியிருந்தன
சங்கத்தின் பெயர், தெரு, கதவு எண்.
கட்டத்தில் எழுதினேன்:
மேற்படி.