முழங்கால் அலை

பாவிலோஸ்தாவில் கடல்
தென்மேற்குக் காற்று மூன்று நாள் விடாமல் அடித்தால்
முழங்கால் வரை எழும்.
இடுப்பளவு என்பான் அய்னார்ஸ்.
அவன் குள்ளம்.

நான் வாங்கி வந்ததோ கூர்மூக்குப் பலகை.
எங்கோ ஒரு தீவின் வீடுயர அலையில்
செங்குத்தாய் இறங்கப் பிறந்தது.
இங்கே அதன் வளைவு
தண்ணீரை முட்டித் தள்ளிக்கொண்டே நின்றது.
மேலே பன்னிரண்டு மீட்டர்ப் பட்டம் இழுக்க
கீழே நான் கலப்பை.

மார்ச்சில், கேரேஜில்,
பென்சிலால் கோடு போட்டேன்.
"டைகா, அறுநூறு யூரோ" என்றான்.
ரம்பம் வைத்தேன்.
ஒரு சாண் மூக்கு விழுந்தது.
வெள்ளைத் தூள் அவன் மீசையெல்லாம்.

வளைவு மூக்கோடு போயிற்று,
மிச்சம் தட்டை.
ரெசின் பூசிக் காயவைத்தால்
இஸ்திரி மேசை.
வெட்டிய துண்டு இப்போது
கேரேஜ் கதவுக்கு ஆப்பு.

ஏப்ரலில் ஒரு அலை,
அலையென்று எவரும் எண்ணாதது,
நுரைகூடக் கட்டாதது.
பட்டத்தைத் தளர்த்தினேன்.
கயிறு தொய்ந்தது.
இழுப்பு நின்ற பிறகும்
பலகை நிற்கவில்லை,
கல்தடுப்பு வரைக்கும்
அந்தச் சின்ன அலையே
என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கரையில் அய்னார்ஸ்
யாரிடமோ கைவைத்துக் காட்டிக்கொண்டிருந்தான்,
மார்பளவு.

நான் திருத்தவில்லை.