கெய்சர் வீதி, நாற்பத்தொரு வினாடி

காப்புறுதிக் கொம்பனித் திலகசிறி
பென் டிரைவை என் மேசையில் வைத்தார்,
ஒரு கலியாண அல்பத்துக்கும்
பாதி கடித்த மாலு பணிசுக்கும் நடுவில்.
"அம்பு ஒன்று போடவேணும் தம்பி.
சிவப்பு. நல்ல தடிப்பு.
ஆள் போற பக்கமெல்லாம் கூடவே போகவேணும்.
நீதவான் ஐயாவுக்குத் தேட நேரமில்லை."

நான் வெள்ளவத்தையில், சாறிக் கடைக்கு மேல்மாடியில்,
பொம்பிளையின் தலைக்கு மேல் இதயங்களைப் பறக்கவிடுகிறவன்.
சாமத்தியவீட்டுப் பிள்ளைக்கு றோசாப்பூ மழை,
பிறந்தநாள் கேக்கைச் சுற்றி நட்சத்திரம்.
அம்பும் போட்டதுண்டு:
பள்ளிக்கூட ஓட்டப்போட்டியில்
கடைசியாய் வந்த பிள்ளைக்கு,
தாய் கேட்டாள் என்று.

நாற்பத்தொரு வினாடி. சிசிடிவி. காலை பத்து இருபது.
துணிப் பொதிகள், குடைகள், ஒரு லொறியின் முதுகு,
நூறு தலை.
அதில் ஒன்று வேலு மருதை, நாட்டாமை, வயது ஐம்பத்திரண்டு,
இடது முழங்காலை லொறி இடித்ததென்று
நட்டஈடு கேட்டவர்.
கேட்ட கிழமையே மூட்டை சுமக்கிறார், பாருங்கள்.
அம்பு சொல்லவேண்டிய வசனம் இவ்வளவுதான்.

மென்பொருள் தானாகவே பின்தொடரும் என்பார்கள்.
புறக்கோட்டையில் அது ஐந்து வினாடி தாக்குப்பிடித்தது.
ஆறாவதில் அம்பு
மாங்காய் விற்கிற ஒருவரின் தலைக்குத் தாவியது,
அங்கிருந்து ஒரு நீலக் குடைக்கு.
குடை கடைக்குள் போய்விட
கதவு நிலையைச் சுட்டிக்கொண்டு நின்றது.
மாங்காய்க்காரர் மூன்று வினாடி குற்றவாளியாக இருந்தார்.
அவருக்குத் தெரியாது.

என் பெரியப்பா ஒருதரம் வரிசையில் நின்றவர்.
எதிரே ஜீப்பில் ஒரு சாக்கு, சாக்கில் இரண்டு ஓட்டை.
அந்தத் தலை அவருக்கு ஆடவில்லை.
பின்னால் நின்றவருக்கு ஆடியது.
வீட்டில் யாரும் இதற்கு மேல் கதைப்பதில்லை.

ஆகவே கையால்.
வினாடிக்கு இருபத்தைந்து சட்டகம்,
ஆயிரத்து இருபத்தைந்து மருதை.
ஒவ்வொன்றிலும் மூட்டையின் அதே மூலையில்
அம்பின் நுனியைக் குத்தி, அடுத்தது,
குத்தி, அடுத்தது.
கரையோர ரயில் போகும்போது மேசை நடுங்கும்.
மவுஸை விட்டுவிட்டுத் தேத்தண்ணியைப் பிடித்துக்கொள்வேன்.

முன்னூறாவது சட்டகமளவில் கண்டேன்.
வலது கால் முன்னே வரப் பன்னிரண்டு சட்டகம்.
இடது காலுக்குப் பதினேழு.
ஓடவிட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லை,
சனத்துக்குள் ஒரு மனிசன் நடக்கிறான்.
நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்
ஒவ்வோர் இடது அடிக்கும்
மூட்டை ஒரு விரற்கடை சரிகிறது.
வாய் திறக்கிறது.
மூடுகிறது.

விடியப்புறம் முழுதாக ஓடவிட்டேன்.
அம்பு நொண்டியது.
சிவப்பு, தடிப்பு எட்டு,
கெய்சர் வீதி முழுக்க
நொண்டி நொண்டிப் போனது.

மென்மையாக்கு என்று ஒரு பொத்தான் இருக்கிறது.
எல்லா நெளிவையும் எண்ணெய் பூசி இழுத்துவிடும்.
கலியாண வீடியோ என்றால் யோசிக்காமல் அமத்துவேன்.
விரல் அதன்மேல் கொஞ்சநேரம் இருந்தது.
கடை வாடகை பதினைந்தாம் திகதி.

பின்னேரம் திலகசிறி வந்தார். இரண்டுதரம் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மூன்றாந்தரம்.
"அம்பு ஏன் தம்பி நடுங்குது?"

"ரயில்," என்றேன்.

யன்னலுக்கு வெளியே வெறும் தண்டவாளம்,
அதில் ஒரு காகம்,
அதற்கு அங்கால் கடல்.
அவர் காசை எண்ணி வைத்தார்.

புதுக்கடை நீதிமன்றப் பக்கம்
ரயில் பாதை இல்லை.