பழி

பதினேழாம் எண்ணுக்குச் சாக்கரின் தண்ணீர் என்றால் உயிர்.
குழாய் முனையை விடாமல் நக்கும்,
மீசை நனைய நனைய.

அன்று இருபது நிமிடம் குடிக்க விட்டேன்.
பிறகு கூண்டோடு கோபால்ட் அறைக்குள் வைத்தோம்.
சத்தமில்லை, வாசனையில்லை, சூடுகூட இல்லை.
கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது,
அவ்வளவுதான்.

மறுநாள் அதே புட்டி, அதே தண்ணீர்.
முகர்ந்தது.
மரத்தூளைக் காலால் தள்ளித் தள்ளிக்
குழாயைப் புதைக்கப் பார்த்தது.

பதிவேட்டில் எழுதினேன்: குடித்த அளவு, சுழியம்.
கதிர் பட்ட உடம்பிலிருந்து ஹிஸ்டமின் கசிந்து
இரத்தத்தோடு ஏறி
மூளைத்தண்டில் காவல் தளர்ந்த ஒரு வாசலைத் தட்டுகிறது.
குமட்டுகிறது.
யார் செய்தது என்று தேடுகிறது எலி.
கதிருக்கு முகமில்லை.
நாவில் கடைசியாக இருந்தது இனிப்பு.
பாவம் ஓரிடம்.

ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்து போட்ட இருபத்திரண்டாம் எண்
மறுநாளும் குடித்தது.
அதற்கு யார்மேலும் கோபமில்லை.

ஒப்னின்ஸ்கில் அந்த மார்ச்சில் பனி உருகவே இல்லை.
இன்னகெந்திக்கு வயிற்றில் கட்டி,
வாரம் ஐந்து நாள் கதிர்.
கிளம்புமுன் தேநீரில்
நான் கோடையில் காய்ச்சிய ராஸ்பெரிப் பாகு ஒரு கரண்டி.
இரண்டாம் வாரம் கோப்பையைத் தள்ளினான்.
"புளித்துவிட்டது, ரிம்மா."
தின்று பார்த்தேன். புளிக்கவில்லை.
நிலவறையில் இன்னும் ஒன்பது ஜாடி இருந்தது.

பாகு போகட்டும்.
அந்த வராந்தாவில் அவன் கடைசியாகப் பார்ப்பது யாரை?
கையுறையைக் கழற்றி வாங்கிக்கொள்வது யார்?
என் சால்வையில் என்ன வாசனை?
இரவெல்லாம் அதை முகர்ந்துகொண்டு கிடந்தேன்.

விடிந்ததும் கீழ்வீட்டு ஷெவ்ச்சுக்கிடம் போனேன்.
சதுரங்கத்தில் சண்டையிட்டு
நான்கு வருடமாக அவனோடு பேசாதவர்.
"நீங்கள் கூட்டிப் போங்கள்.
உள்ளே நுழையுமுன் இந்தச் சோம்பு மிட்டாயை
வாயில் போடச் சொல்லுங்கள்."
எதற்கு என்றார். டாக்டர் சொன்னார் என்று பொய் சொன்னேன்.

நான் பேருந்து நிறுத்தத்தில்,
பிர்ச் மரத்துக்குப் பின்னால், அவன் கண்ணில் படாமல்.

அவளுக்கு என்னோடு வர வெட்கமா என்று
ஷெவ்ச்சுக்கிடம் கேட்டானாம்.
நான் விளக்கவில்லை.
விளக்கினால் மட்டும்
அந்த வாசலுக்குக் கேட்கவா போகிறது?

இப்போது மே.
சோம்பு வாசனை வந்தால் ஜன்னலைத் திறக்கிறான்.
ஷெவ்ச்சுக் எதிரே வந்தால்
தெருவின் மறுபக்கம் போய்விடுகிறான்.
என்னிடம் மட்டும்
எங்கே போயிருந்தாய் அத்தனை நாள் என்கிறான்,
கோபமாக,
வெறும் தேநீருக்குக் கோப்பையை நீட்டியபடி.