பாக்கி இருக்கும் கூட்டம்

நான் அவருக்கு ஓட்டுப் போடவில்லை.
இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன்,
சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்லத்தான் போகிறார்கள்.

ம்வான்சா, கிரும்பா மீன் சந்தை, ஒன்பதாம் எண் மேசை.
ராத்திரி ஏரியில் விளக்குக் காட்டிப் பிடித்த
விரல் நீள டகா மீனைப்
பாறைமேல் உலர்த்தி
தகர டப்பாவால் அளந்து விற்கிறேன்.
லுகெம்பே கவுன்சிலராக இருந்தபோது
மேசை வாடகையை இரண்டாயிரம் ஷில்லிங் ஏற்றினார்.
நேரே அவர் அறைக்குப் போனேன்.
கூடையைக் கோப்புகள்மேல் கவிழ்த்தேன்.
அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டு
"அடுத்த கூட்டத்தில் இதைப் பேசலாம், கபுலா" என்றார்.
நாற்றம் ஒரு வாரம் போகவில்லையாம்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் தேர்தல் வந்தது.
அதற்குப் பின்னால்
நம்பர் இல்லாத வண்டி வந்தது.
எண்ணிய ஓட்டைத் திரும்ப எண்ணச் சொன்னாராம்.
அதற்குப் பெயர் தேசத்துரோகம்.

இருநூற்றுப் பதினொரு நாள்.
பதினான்கு நாளுக்கு ஒரு வியாழன்.
"புலன்விசாரணை இன்னும் முடியவில்லை, கனம் நீதிபதி அவர்களே."
இந்த ஒரு வாக்கியத்துக்கு
அரசு வக்கீலுக்குச் சம்பளம், கார், காருக்கு டிரைவர்.

டோட்டோவின் மோட்டார்சைக்கிளில்
மேட்டுத் தெருக்களுக்கெல்லாம் ஏறினேன்,
கையெழுத்துத் தாளை அரிசிப் பைக்குள் வைத்துக்கொண்டு.
தையற்காரர் ங்கோலோ சொன்னார்:
"எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்."
எனக்கும் நாலு, என்றேன்.
தையல் இயந்திரத்தை வேகமாக ஓட்ட ஆரம்பித்துவிட்டார்.
ஒருவன் அண்டைவீட்டுக்காரன் பெயரைப் போட்டான்.
போலீஸ்காரர் மனைவி ஒருத்தி
இரண்டு டப்பாவுக்குக் காசு கொடுத்து
ஒரு டப்பா மட்டும் வாங்கிக்கொண்டு
தாளின் கடைசி மூலையில்
எறும்பு ஊர்ந்ததுபோல் ஏதோ எழுதினாள்.
அவளே நினைத்தாலும் அதை இனிப் படிக்க முடியாது.
ஆனாலும் எண்ணிக்கையில் சேர்த்தேன்.
ஆயிரத்து நூற்று நாற்பது.

மாவட்ட அலுவலகத்தில் குமாஸ்தா
தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து
"மீன் நாறுகிறது, வேறு எழுதிக் கொண்டுவா" என்றான்.
ஜன்னல் வெளிச்சத்தில்
யாரோ ஒருத்தியின் கட்டைவிரல் ரேகைக்குள்
ஒரு செதிள் ஒட்டிக்கொண்டு மினுங்கியது.
வேறு எழுதவில்லை.
அதே தாளை மறுநாளும் கொண்டுபோனேன்.
அதற்கு மறுநாளும்.

சுவரொட்டியில் இருப்பது பழைய படம்.
பல் தெரியச் சிரிக்கிறார்,
வாடகை ஏற்றிய அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு.
ஒட்டும்போது எனக்கு இப்போதும் எரிச்சல் வரும்.
பசையைச் சற்று அதிகமாகவே அந்த வாயில் தடவுவேன்.

போன வியாழன் கூண்டுக்குள் வந்தவருக்கு
அந்த முகம் இல்லை.
பெல்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள் போலிருக்கிறது,
இடது கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு
வலது கையை மட்டும் எங்களைப் பார்த்து உயர்த்தினார்.
கட்சிக்காரர்கள் பாட ஆரம்பித்தார்கள்.
எனக்கு அந்தப் பாட்டு தெரியாது.
பின்வரிசையில் என்னைக் கண்டதும்
அவர் கண் சட்டென்று கீழே இறங்கியது.
கையில் கூடை இருக்கிறதா என்று பார்க்கிறார்!
இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.
அப்போது சிரித்தார்.
படத்தில் உள்ளதுபோல் இல்லை,
முன்பல் ஒன்று இல்லாமல்.

அவரை நல்லவர் என்று நான் சொல்லவில்லை.
கேட்டு வந்த வெளிநாட்டு நிருபரிடமும் சொல்லவில்லை,
அவள் பேனாவை மூடிவிட்டாள்.
ஒரு மேசை போடுங்கள்.
அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.
இரண்டாயிரம் ஷில்லிங் அதிகமா இல்லையா என்று
தொண்டை கட்டும்வரை கத்த வேண்டும்.
அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடிக்க
வீடு வீடாக ஏறலாம் என்றிருக்கிறேன்,
வழி இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்.

அதுவரை, வியாழக்கிழமை.
அடுத்தது இருபத்து மூன்றாம் தேதி.
பசைக்கு மரவள்ளி மாவு வாங்க வேண்டும்.
டோட்டோ பெட்ரோலுக்குக் காசு கேட்கிறான்.