செங்காய்

தெய்வம் கொடுத்தால்
கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள்.
சேரம்பாடியில் கூரையைப் பிய்ப்பது யானைதான்.
அரிசி வாசம் பிடித்து வரும்.
அதனால் அந்தப் பழமொழியை
இங்கே யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

ஆனாலும் எங்களுக்கு ஒருமுறை விழுந்தது.
தாளூர் தாண்டிப் பெயின்ட் வேலைக்குப் போன சவரிராஜ்
மிச்சச் சில்லறைக்கு வாங்கிய லாட்டரி.
ஒரு லட்சம்.
நம்பரை நான் மூன்று முறை பார்த்தேன்,
அவர் ஐந்து முறை,
டீக்கடை மொய்து காக்கா கண்ணாடி போட்டு ஒரே முறை.
காக்கா சொன்ன பிறகுதான் நம்பினோம்.

அன்றைக்கு என் உடம்புக்குள்
இன்னொருத்தி வந்து உட்கார்ந்துகொண்டாள்.
கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள்.
லைன் வீடு பதினாறுக்கும் ஜிலேபி கொடுத்தாள்,
மூன்று வருடம் பேசாதிருந்த
பாக்கியமேரி வீட்டுக்கும்.
ராத்திரி தூங்காமல் கணக்குப் போட்டாள்:
ஃப்ரிட்ஜ், கம்மல், குழுக் கடன்,
மறுபடி கம்மல்.
விடிவதற்குள் அந்த ஒரு லட்சம்
பற்றாமல் போய்விட்டது.

இன்னொன்று நடந்தது ஐப்பசியில்.
மஞ்சு இறங்கி நாலரைக்கே இருட்டு.
பள்ளிக்கூட பஸ் வந்தது,
நிரோஷினி வரவில்லை.
ஃபாக்டரி வளைவில் ஒற்றைக் கொம்பன் நிற்கிறான்,
யாரும் வெளியே வராதீர்கள் என்று
வனத்துறை ஜீப் மைக்கில் சொல்லிக்கொண்டே போனது.
ஐந்து. ஐந்தேகால்.
போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

ஃப்ரிட்ஜை எடுத்துக்கொள் என்றேன்.
கம்மலைக் கழற்றியே விட்டேன்,
யாரிடம் நீட்டுவதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தேன்.
புதிதாக ஒன்றும் வேண்டாம்,
நேற்றுச் சாயங்காலத்தைத் திருப்பிக் கொடு:
அவள் சாக்ஸை மூலையில் எறிவாள்,
நான் கத்துவேன்,
அவ்வளவுதான் அதில் இருந்தது.

ஆறு மணிக்குத் தேயிலைக்குள்ளிருந்து
ஒரு ஜடை அவிழ்ந்து வந்தாள்.
பஸ்ஸை விட்டுவிட்டாளாம்.
சிநேகிதி வீட்டு வழியாம்.
அங்கே கொய்யா மரமாம்.

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்
என்று சொல்லத்தான் ஆசை.
அறைந்தேன். இரண்டு.
மூன்றாவதற்குக் கை எழவில்லை.
முட்டி மடங்கி ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.
வயிற்றில் பால் வார்த்த மாதிரி என்பார்களே,
யாரும் எதையும் வார்க்கவில்லை.
குடலைப் பிடித்து முறுக்கியிருந்த ஒரு கை
விட்டது.
விட்ட பிறகுதான் தெரிந்தது
எவ்வளவு பெரிய கை என்று.

இதற்கு ஜிலேபி கொடுக்க முடியுமா?
'என் பிள்ளை வீட்டில் இருக்கிறாள், எடுத்துக்கொள்ளுங்கள்'
என்று தட்டை நீட்டினால் சிரிப்பார்கள்.
எல்லார் பிள்ளையும் வீட்டில்தானே இருந்தது.
அடுத்த வாரம் பக்கத்து டிவிஷனில்
பால் வாங்கப் போன ஒருவர் திரும்பவில்லை.
அதற்குப் பிறகு
மனசுக்குள்கூட அதைச் சொல்லிப் பார்க்கக் கூசியது.

சவரிராஜ் இன்னும் லாட்டரி வாங்குகிறார்.
மறுபடி விழும் என்கிறார்.
விழட்டும், வேண்டாமென்பேனா?
மற்றதை யாராவது மறுபடி கேட்பார்களா,
அந்த ஆறு மணிக்காக
அந்த ஐந்தேகாலை?

அன்று ராத்திரி யூனிஃபார்மை அலசும்போது
பையில் ஒரு கொய்யா இருந்தது.
செங்காய். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.
எனக்கென்று கொண்டுவந்தாளா,
தின்ன மறந்தாளா,
கேட்க முடியாது.
கன்னத்தில் என் விரல்களோடு தூங்குகிறாள்.
உப்புகூடத் தொடாமல்
விதையை மென்று
கல்லடியில் நின்றபடியே
முழுசாகத் தின்றேன்.